நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது

ஓரியேயின் லாரியில் பக்கவாட்டில் இரண்டு எழுத்து.
சேர்த்துப் படித்தால் சரக்குப் போக்குவரத்து.
முதல் எழுத்தை மட்டும் பிரித்துப் படித்தால்
அதிர்ஷ்டம்.
அதையே இன்னொரு விதமாய்ப் படித்தால்
சுமந்து போவது.
மூன்றுக்கும் ஒரே டப்பா பெயிண்ட்தான் செலவு என்பாள்.
பத்தொன்பது வருஷமாய் நான் அதைச் சுமக்கிறேன்,
ஒருநாளும் அது என்னைச் சுமந்ததில்லை என்பாள்,
கியரைத் தட்டி மாற்றியபடி.

கனசவா நகரில் நவம்பர் கடைசி.
கடல் பக்கம் இடி உருள்கிறது.
பனிக்கு முந்தி வரும் இடி.
ஆழத்து மீனை அது எழுப்பிவிடும் என்று
மீன் சந்தையில் மட்டும் சந்தோஷம்.

புதிதாய்ச் சேர்ந்த பையனின் குடும்பப் பெயர் குவபரா.
பாவம்,
இடி இடித்தால் அந்த நாடே முணுமுணுக்கும் சொல் அது.
நாம் அர்ஜுனா அர்ஜுனா என்பதுபோல்
அவர்கள் குவபரா, குவபரா.
அந்தப் பெயரைத் தாங்கியவனோ
பள்ளியில் இடிக்கெல்லாம் மேசைக்கடியில் புகுந்தவன்.
நமக்கு நடுங்குவது ஈரக்குலை;
அங்கே துணிந்தவனுக்கு ஈரல் தடிமன்.
இவனுடையது
பில் புத்தகத்தின் கார்பன் தாள்.

வீடு காலி செய்கிறவள் நிவா.
வடக்கே ஹொக்கைதோவில் வேலை, திங்கள் காலை சேர வேண்டும்.
மேல்தட்டிலிருந்து இனிப்பு உருண்டை விழுவதை
அங்கே யோகம் என்பார்கள்.
குவபரா அலமாரியைத் திறந்தான்.
விழுந்தது.
நெற்றியில் பட்டுத் தெறித்து ஓடியது
ஒரு பாச்சை உருண்டை.
நிவா சிரித்தாள், அன்று முதல்முறையாக.

பிறகு ஃப்ரிட்ஜ்.
கீழே ஓரியே, மேலே அவன்,
நடுவில் எண்பது கிலோ.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒரு கால் இறங்கியது.
இரண்டாம் கால்
நின்ற இடத்திலேயே மிதித்தது, மறுபடி மிதித்தது.
தயக்கத்துக்கு அவர்கள் சொல்வதே அதுதான்,
இரண்டாம் காலை மிதிப்பது.
சொல்லை இவ்வளவு ஒழுங்காய்
யாரும் நடித்துக் காட்டியதில்லை.

வயிற்றைக் கட்டு, என்றாள் ஓரியே.
துணிந்துவிடு என்று அர்த்தம்.
எந்தக் கையால் கட்ட, என்றான் அவன்,
குரல் உடைந்து.
அவள் தோள்பட்டை ஏதோ முனகியது.
அவள் முனகவில்லை.

அப்போது இடித்தது.
ஜன்னல்கள் பற்களைக் கடித்தன.
மேலே, மாடிப்படித் தலைப்பில்,
கையில் தொட்டிச் செடியோடு நின்ற நிவா
கண்ணை மூடிச் சொன்னாள்:
குவபரா, குவபரா.

இதோ வரேன், என்றான் அவன்.

வந்தேவிட்டான்.
கூப்பிட்டார்கள், அதனால் வந்தான்.
இரண்டாம் கால், அடுத்த படி, அதற்கடுத்தது,
தெருவரை நிற்கவில்லை.
லாரிக்குள் ஃப்ரிட்ஜை நிறுத்திய பிறகுதான் கேட்டான்:
அந்தம்மா எதுக்குக் கூப்பிட்டாங்க?
ஓரியே கயிற்றை இறுக்கினாள்.
அவள் உண்மையைச் சொல்லவில்லை.
இன்னும் சொல்லவில்லை.

பிரியும்போது பின்னங்கூந்தலை யாரோ இழுப்பார்களாம்.
நிவாவுக்குக் கூந்தலே இல்லை,
பிடரி தெரியக் கத்தரித்திருந்தாள்.
ஆனாலும் மூன்று தடவை மேலே ஏறினாள்.
கேஸ் வால்வு என்றாள்.
குடை என்றாள்.
மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை;
அவர்களும் மணி பார்க்கவில்லை.

இறங்கி வந்து ஆளுக்கொரு காகிப் பழம் கொடுத்தாள்.
பின்பக்க மரத்தில் இவைதான் மிச்சம்,
மிஞ்சியதில்தான் யோகமாம், என்றாள்.
பழுக்காத மிச்சம்.
குவபரா கடித்தான்.
நாக்கு சுருண்டது, கன்னம் உள்ளே போனது,
துவர்ப்பு காதுவரை ஏறியது.

வேண்டாவெறுப்பாய் ஒன்றைச் செய்வதை
அங்கே அந்தத் துவர்ப்பைக் கொண்டே சொல்வார்கள்,
இரண்டு தடவை: ஷிபு ஷிபு.

நாளைக்கு ஐந்தாம் மாடி, என்றாள் ஓரியே,
பியானோ. வருவியா?

வாய் திறக்க முடியாமல்
தலையை மட்டும் ஆட்டினான்.
எந்தப் பக்கம் என்று
அவள் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தாள்.