நூற்று முப்பத்துச் சொச்சம்

பஹ்ரைனின் மிக உயர்ந்த இடத்துக்கு
வண்டியை விட்டு இறங்கி ஏறிப் போகப்
பதினெட்டு நிமிடம் பிடித்தது.
அதில் நான்கு நிமிடம்
செலஸ்டினின் செருப்பு வார் அறுந்ததில் போனது.

ஜபல் துகான். புகைமலை.
மலை என்று சொல்ல எனக்குக் கூச்சமாயிருந்தது.
அடிவாரமெங்கும் எண்ணெய்க் குழாய்கள்
உண்ட மயக்கத்தில் கிடந்தன.
பம்புகள், புதிதாய் வந்த ஹெல்ப்பரைப் போல,
எதைச் சொன்னாலும் தலையாட்டின.

நான் சீஃபில் டவர் கிரேன் ஓட்டுகிறவன்.
என் நாற்காலி இருநூற்றுப் பத்து மீட்டரில்.
தினமும் விடியுமுன்னே
சோற்று டப்பாவும் சிறுநீர் பாட்டிலுமாக
இந்நாட்டின் சிகரத்தைத் தாண்டித்தான்
வேலைக்கே போகிறேன்.
"இதுக்கா வெள்ளிக்கிழமை தூக்கத்தக் கெடுத்தீங்க?" என்றேன்.

குருங்குக்கு மூச்சே வாங்கவில்லை.
அவன் படித்த பள்ளிக்கூடம்
மூவாயிரம் மீட்டரில் இருக்கிறதாம்.
எங்கள் ஊர் ஆடு இதை மேடு என்றுகூட
ஒத்துக்கொள்ளாது என்றான் இந்தியில்.
ஆனாலும் உச்சியில் குனிந்து
ஒரு கல்லை எடுத்து
இன்னொரு கல்மேல் வைத்தான்.
வைத்துவிட்டு, சரிந்ததும், மறுபடி வைத்தான்.

மூன்று வருடமாக அவன் எனக்குக் கீழே.
கடுகளவு மஞ்சள் தொப்பி.
காதுக்குள் குரல்:
மெதுவா, மெதுவா, இன்னும் ஒரு சாண், நிறுத்து.
அதை நம்பித்தான்
டன் டன்னாய் இரும்பை
ஆட்களின் தலைக்கு மேல் நகர்த்தியிருக்கிறேன்.
அவன் கேம்ப் சல்மாபாத், நான் சித்ரா.
பக்கத்தில் நின்று முகம் பார்ப்பது
இன்றுதான்.

இடப் புருவத்தில் ஒரு வெட்டு.
"ஊர்லயா?"
"இங்கதான். முதல் மாசம்.
உன் கொக்கி."
சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

குடித்தேன்.
எந்த நாள், எந்தச் சுமை, காற்று எப்படி இருந்தது?
ஒன்றும் நினைவில்லை.
அன்று அங்கிருந்து பார்க்கக்
கடல் நன்றாக இருந்திருக்கும்.

தூசிக்குள் வடக்கே விரல் நீட்டி
"அதோ உன் கிரேன்" என்றான்.
எனக்குத் தெரியவில்லை.
அண்ணாந்து பார்த்துப் பழகிய கண் அவனுக்கு.

இறங்கும்போது அவன்தான் முன்னால்.
சரளை வழுக்கும் இடத்தில்
திரும்பாமலே
உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தான்.
சட்டென்று நின்றேன்.
பின்னால் வந்த செலஸ்டின்
என் முதுகில் மோதி,
"என்ன மச்சான், லீவுலயும் டூட்டியா?" என்றான்
ஒற்றைச் செருப்போடு.