தட்டு மறையும் ஆழம்

விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில்
‘அல்காப் பூப்பு’ என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
பூ என்றால் பறிக்கக் கை நீளும்.
இதைத் தொட்டால்
கை கழுவ வேறு தண்ணீர் தேட வேணும்.

நாவற்கேணிக் குளத்தில்
கச்சான் காற்று ஒதுக்கிய கிழக்கு மூலையில்
அது தடித்து, பாலாடைபோல் மடிந்து,
வெயிலுக்குப் புளித்து நாறுகிறது.
விடியப்புறம் செப்பலி மீன்கள்
வாயை மேலே வைத்து மூச்சுக்கு அலைகின்றன.
தெய்வேந்திரம் வலையை இழுத்தால்
மீனுக்கு முன் சளி வருகிறது.

அட்டவணை இரண்டு: மாசின் மூலங்கள்.
யூரியா, அடிக்கட்டுப் பசளை, இரண்டு போகமும்.
அரிசி ஆலையின் அவித்த தண்ணீர்.
மாடு. சவர்க்காரம்.
இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது.
‘நாங்கள்’ என்று எழுதிப் பிறகு வெட்டினேன்.
வெட்டுக்கொத்து இருந்தால் ஏற்கமாட்டார்களாம்.
முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதினேன்,
அந்த ஒரு சொல் இல்லாமல்.

நீர்த்தெளிவு எவ்வளவு?
கருவி வாங்கக் காசு இருந்தால்
இந்த விண்ணப்பமே எதற்கு?
வீட்டுத் தகரத் தட்டை நாலாகப் பிரித்து
கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி
அடியில் அரைக் கிலோப் படி கட்டி
தோணியில் இருந்து இறக்கினேன்.
இருபத்திரண்டு சென்ரிமீற்றரில்
தட்டைக் காணவில்லை.
ஒரு சாண்தான்.
கையை விட்டும் பார்த்தேன்:
மணிக்கட்டு தெரிந்தது, விரல் தெரியவில்லை.

சங்கத்தின் பங்களிப்பு பத்து வீதம்,
காசாக அல்லது பொருளாக.
எங்கள் புத்தகத்தில் பதினோராயிரத்து முந்நூறு.
மேல்வயல் மகரூப் காக்கா வாய்க்கால் ஓரத்தைக் காட்டினார்.
“இதில ரெண்டு பாக அகலத்துக்கு நான் விதைக்கல்ல.
பன் வளரட்டும்.
பசளைத் தண்ணி அதுக்குள்ள வடிஞ்சு போகட்டும்.”
நீளம் இருநூற்றெழுபது மீற்றர்.
எத்தனை மூடை, மூடை என்ன விலை என்று
நான் பெருக்கத் தொடங்க
பேனையைப் பிடித்துக்கொண்டார்.
“தொகைய எழுதாதீங்க தங்கச்சி.
ஊட்டுக்காரி கண்டா நான் குளத்துக்குள்ளதான்.”
விதைக்காத நெல்லுக்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
தேத்தண்ணிக்கு ஃபைலைக் கீழே வைத்த நேரம்
டவுனில் திரியும் மான்களில் ஒன்று
வரவுசெலவுப் பக்கத்தின் மூலையைத் தின்றுவிட்டது.
காற்றூட்டும் இயந்திரத்தின் வாடகை
அதன் வயிற்றுக்குள் போனது.
“இந்த வரி ஏன் பாதி?” என்றார் பிரபாலினி மேடம்.
மான், என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிப்பை மூடிவைத்து,
“ஒரு வருசத்தில என்ன முடிவு காட்டுவீங்கள்?”

சேற்றில் இருபது வருடப் பசளை படுத்திருக்கிறது.
பன்னிரண்டு மாதம் என்றால் என்னவென்று
அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
இதைச் சொல்லாமல்
‘தட்டு மறையும் ஆழம் முப்பது’ என்றேன்.
எட்டுச் சென்ரிமீற்றருக்கு இத்தனை இலட்சமா என்று
அவர் கேட்கவில்லை.
மேசையில் அடிமட்டம் வைத்து
எட்டு எவ்வளவு என்று பார்த்தார்.
ஒரு செப்பலிக் குஞ்சின் நீளம்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்று கடிதம் வந்தது.
அதற்குப் பின்னால் மழை வந்தது.
குளம் வான் பாய்ந்தது.
காக்காவின் ஓரத்தில் பன் இடுப்பளவு நிற்கிறது,
ஊட்டுக்காரி பார்த்தும்விட்டார்,
காக்கா இன்னும் கரையில்தான் இருக்கிறார்.

நேற்று தட்டை இறக்கினேன். இருபத்தாறு.
வெள்ளக் கலங்கல்.
இதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று
எனக்கே தெரியும்.
கொப்பியில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.