பத்துக்கு நாற்பத்திமூன்று

முனிச்சாலையில் ஒரு சந்து.
இந்தப் பக்கம் இருதயம், எஞ்சின்.
அந்தப் பக்கம் மீரான் கனி, ஆக்ஸில்.
நடுவில் பதினாறடி அகலமும்
ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி யாருடையது என்கிற
பதினொரு வருஷத்துக் கேள்வியும்.

என் கான்டெஸா எண்பத்தைந்தில் பிறந்தது.
மாட்டு டாக்டருக்கு எதுக்கு இம்புட்டு நீள வண்டி என்று
மேலூரில் கேட்காத ஆள் இல்லை.
போன தையில் இருதயம் பழைய எஞ்சினை இறக்கி
ஆயிரத்து எண்ணூறு சிசி ஒன்றை ஏற்றினார்.
ஹெட்டை இழைத்தார். இரட்டைக் கார்புரேட்டர்.
கோயம்புத்தூரில் அரைத்த கேம்.
"மூவாயிரத்துல முழிக்கும் டாக்டர்,
அப்புறம் நீங்கதான் பிடிச்சுக்கணும்."

முழித்தது.
ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச்சாலையில் நூறைத் தொட்டதும்
முள் நாலாயிரத்து நூறில் நடுங்க,
சூட்டுக்கோல் பட்ட கிடாரி மாதிரி கத்தியது.
யானைமலை மட்டும் அசையாமல் படுத்திருந்தது.

"எஞ்சின்மேல தப்பில்ல.
பின்னாடி ஒன்பதுக்கு நாற்பத்தொண்ணு பல்லு.
அது கட்டை வண்டிக் கணக்கு."
எதிர்ப்பக்கம் பார்க்காமல் சொன்னார் இருதயம்.

வாயைத் திறந்து பல் பார்த்து
வயது சொல்கிறவள் நான்.
மீரான் கனி மூடியைக் கழற்றிக் காட்ட,
கிரவுன் பற்களைச் சாக்பீஸ் குறி வைத்து எண்ணினேன்.
நாற்பத்தொன்றுதான். கடை சேர்ந்து வெகுகாலம்.
"பதினொண்ணுக்கு நாற்பத்திமூணு போடுறேன்.
மூச்சுச் சத்தம் கேக்காது."
இவரும் எதிர்ப்பக்கம் பார்க்கவில்லை.

கேட்கவில்லை.
அதே சாலை, மீட்டரில் அதே நூறு,
முன்னால் எஞ்சின் இருப்பதே மறந்துபோனது.
மூன்றாம் நாள் போனுக்கு அபராதம் வந்தது:
வேகம் நூற்றுப் பதினாறு.
பல் மாறிய சேதி மீட்டருக்குப் போகவில்லையாம்.

அந்த வாரமே சிறுமலையில் ஒரு பசு.
கன்று தலை மடங்கிக் கிடக்கிறதென்று
ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு.
ஏழாவது கொண்டை ஊசியில்
இரண்டாம் கியர் இருமியது,
முதல் கியர் விழுமுன் வண்டி நின்றது.
கேம் தூங்கிக்கொண்டிருந்தது, ஆயிரத்து ஐந்நூறில்.
நெட்டைக்கால் ஆக்ஸிலுக்கு
அதை எழுப்புகிற உத்தேசமே இல்லை.
வாழைத்தார் ஏற்றப் போன காலி லாரியில்
கயிறும் சோப்புமாகத் தொற்றிக்கொண்டேன்.
கன்று பிழைத்தது.
என் கோபமும்.

மறுநாள் வண்டியைச் சந்தின் குறுக்கே நிறுத்தினேன்.
பானெட் இருதயத்தின் வாசலில்,
டிக்கி மீரான் கனியின் வாசலில்.
டீ கொண்டுவந்த பையன்கூடப்
பக்கவாட்டில் ஒடுங்கித்தான் போனான்.
சாவி என் கைப்பையில்.

முக்கால் மணி நேரம்.

"மூவாயிரத்துக்குக் கீழ என்னால ஒண்ணும் முடியாதுன்னு
சொல்லுங்க டாக்டர்."
"ஏன் முடியாது? கேமை ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளினா
ரெண்டாயிரத்துலயே எழுந்துக்கும்னு சொல்லுங்க."
"தள்ளினா மேல மூச்சு முட்டும்னு சொல்லுங்க."
"பத்துக்கு நாற்பத்திமூணு போட்டா
மேல போகவே வேண்டாம்னு சொல்லுங்க."

நான் எதையும் சொல்லவில்லை.
இருதயம் சாக்பீஸை எடுத்து
என் பானெட்டிலேயே கணக்குப் போட்டார்.
அதை வாசிக்க
மீரான் கனி டிக்கியிலிருந்து பானெட் வரை
நடந்து வரவேண்டியிருந்தது.
ஓர் எண்ணைப் புறங்கையால் அழித்தார்.
இருதயம் விட்டுவிட்டார்.

பொருத்துகிற அன்று பற்களில் சிவப்பு மசி தடவி,
எது எதைத் தொடுகிறதென்று பார்த்தார்கள்.
பத்தும் நாற்பத்திமூன்றும் ஒட்டாத எண்கள்.
ஒரு பல் தான் தொட்ட பல்லை மறுபடி தொடவேண்டுமென்றால்
பினியன் நாற்பத்திமூன்று சுற்றுச் சுற்றவேண்டும்.
அதற்குள் மிச்சப் பல் எல்லாவற்றையும்
ஒருமுறை கடித்திருக்கும்.
தேய்ந்தாலும் சமமாகத் தேயும் என்றார் மீரான் கனி,
எஞ்சினைப் பார்த்து.

இப்போது சிறுமலைக்கு இரண்டிலேயே ஏறுகிறேன்.
நாலுவழிச்சாலையில் ரேடியோ கேட்கிறது.
மீட்டர் மட்டும் நூறைத் தொண்ணூற்று நாலு என்கிறது.
சரிசெய்ய இருவருமே தயார்.
அது எஞ்சின் வேலையா ஆக்ஸில் வேலையா என்பது
இன்னும் முடிவாகவில்லை.