மெக்சிகோ பள்ளம்

பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது,
ஆட்டோக்காரர்கள் வாயில் அது நுழையவில்லை.
திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி
மெக்சிகோ பள்ளம் என்றால் போதும்.

எழுபத்து மூன்று படிகள், கீழ்நோக்கி.
மலையைத் தின்று முடித்த குவாரி
மூடாமல் விட்டுப்போன வாய்.
பாறை முன்துருத்திய நிழலில் பதினொரு மேசைகள்.
வெடி வைக்கத் துளைத்த குழிகளில்
மெழுகுவர்த்தி நட்டிருக்கிறோம்.
ஒன்றிரண்டு குழி மிக ஆழம்,
வெளிச்சம் மட்டும் வெளியே வரும்.

நான் இங்கே பில் போடுகிறவன்.
அறுபத்தெட்டில் திறந்ததாக
மெனு அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது:
கப்பல் சமையல்காரர் லாரன்ஸ் பிந்தோ
வெராக்ரூஸ் துறைமுகத்தில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டு
வராத சம்பளத்துக்குப் பதில் கற்றுவந்த சமையல்.
இப்போது அவர் மருமகள் ஐரிஸ் முதலாளி.
எந்த மேசைக்குப் போனாலும் ஒரே பேச்சு,
மிளகாய் அங்கிருந்து வந்தது, தக்காளி அங்கிருந்து,
கொய்யா, பப்பாளி, சீதாப்பழம்...
முடிப்பதற்குள் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்
பள்ளத்தின்மேல் மூடிபோல் நகரும்.

நாகுலம்மா மக்காச்சோளத்தைச்
சுண்ணாம்பில் ஊறவைப்பாள்,
வெற்றிலைக் கடையில் வாங்கும் அதே சுண்ணாம்பு.
அரைக்கிற கல்
பக்கத்துப் பள்ளத்தில் அவளே பிளந்தது,
அங்கே வேலை நின்ற வாரம்.
கூலியில் கழித்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் மேசையில்
ஒரகடம் கார் தொழிற்சாலையிலிருந்து ஒருவர், தனியாக.
வஹாக்காக்காரர்.
கரிய மோலே, மேலே எள் தூவிப் போனது.
ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.
இதில் ஏதோ இருக்கிறது,
எங்கள் ஊரில் இது கிடையாது என்றார்.
ஐரிஸின் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது.

என்னய்யா சொல்றாரு,
மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள் நாகுலம்மா.
சொன்னேன்.
கல்பாசி. ரெண்டு இணுக்குதான் போட்டேன்.
திரும்பிப் போனவள் நின்றாள்.
மொளகாகூடத்தான் நம்ம ஊர்ல இல்லாம இருந்துச்சாம்.
நாம ஏதாச்சும் கேட்டமா?

மொழிபெயர்க்க ஐரிஸுக்கு மனமில்லை.
நான்தான் என் ஆங்கிலத்தில் இடறி இடறிச் சொன்னேன்.
அவர் சிரித்தாரா தெரியாது,
அந்த நேரம் பார்த்து ஒரு விமானம்.
தட்டு காலியாக வந்தது.
கூடுதலாக நான்கு சோள ரொட்டி, பில்லில் இருக்கிறது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.
பள்ளத்தில் மழை
எல்லாச் சுவரிலிருந்தும் இறங்கும்.
மோட்டாரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால்
படியில் நின்று பாறையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.
சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்த எதையோ
நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

அது கல்பாசி இல்லை. வெறும் அழுக்கு.
கத்திச் சொல்லியிருக்கலாம்.
எழுபத்து மூன்றாம் படி வரை
விரலை மூக்கருகே வைத்தபடியே
ஏறிப் போனார்.