நாற்றங்கால்

இன்றைக்கும் டோக்கன் இல்லை.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
படகு கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது,
நான் வீட்டில் சும்மா.

நார்சிசா மண்டபத்துக்கு, இறால் கம்பெனிக்குப் போய்விட்டாள்.
வேன் ஏறும்போது சொன்னாள்:
"புள்ள படிக்கும். திக்குச்சுன்னா
ஒடனே எடுத்துக் குடுத்துராதீங்க.
பத்து எண்ணுங்க."

ஜெனிலா எழுத்துக்கூட்டுகிறாள்.
மூன்றாம் வகுப்புத் தமிழ்,
அட்டையில் இருக்கும் டீ வட்டம் என்னுடையது.
வயல், வரப்பு, ஏர்
எல்லாம் படத்தோடு பச்சையாய் வந்து போயின.
பிறகு ஒரு சொல்லில்
பாரில் தட்டிய வள்ளம் மாதிரி நின்றாள்.

நா. ற். றங். கா. ல்.

ஒன்று, இரண்டு, மூன்று.
கட்டைவிரலால் பின்பாதியை மூடினாள்.
"நாற்றங்... நாற்றம்."
விரலை முன்பாதிக்கு நகர்த்தினாள்.
"கால்."
அப்புறம் மெதுவாக
என் காலைப் பார்த்தாள்.

கணவாய் மையிலும் ஐஸ் தண்ணீரிலும்
இருபது வருஷமாய் ஊறிய கால்.
நானே உள்ளே இழுத்துக்கொண்டேன்.
சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.
"விவசாயி காலும் நாறுமாப்பா?"

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
பதினேழு. பதினெட்டு.
நார்சிசாவிடம் இதைச் சொல்லமாட்டேன்:
பொறுமை எல்லாம் இல்லை,
எனக்கும் தெரியாது.
பத்து வயதில் கடலுக்குப் போனவன்.
கச்சான் எப்போது அடங்கும் என்று தெரியும்,
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும்.
வயல் சேற்றில் ஒருநாளும் இறங்கியதில்லை.

"அடுத்த வரியப் படி" என்றேன்,
தெரிந்தவன் குரலில்.

'இருபத்தைந்தாம் நாள் நாற்றுகளைப் பறித்து
வயலில் நட்டார்கள்.'

சொல்லுக்குத் திரும்பி வந்தாள்.
"நாத்து! நாத்து வளக்குற எடம்!
நாம தப்பா வெட்டிட்டோம்ப்பா."

நாம என்றாள்.
அதற்காகவே இன்னும் இரண்டு நாள்
கூண்டு இறங்காவிட்டாலும் பரவாயில்லை
என்று தோன்றியது.
டீசல் பாக்கி ஞாபகம் வந்தது,
தோன்றியதை அப்படியே விட்டேன்.

விரல் அதோடு நிற்கவில்லை.
காலண்டர் தாள், ஐஸ் ரசீது,
மாவு பாக்கெட்டின் முதுகு,
எழுத்து இருந்த இடமெல்லாம் மூடித் திறந்தாள்.
பழைய பேப்பரில்
'சிறைபிடிக்கப்பட்டனர்'
ஒரே மூச்சில் படித்தாள்.
அதற்கு விரல் வேண்டியிருக்கவில்லை.
தங்கச்சிமடத்தில் எந்தப் பிள்ளைக்கும் வேண்டியிராது.

கடைசியில், அந்தோணியார் படத்துக்குப் பின்னால்
நான் மடித்துச் செருகியிருந்த கடிதம்.
'மீன்பிடித் தடைக்கால நிவாரணம்' வரைக்கும்
துண்டு துண்டாய் நடந்தே வந்துவிட்டாள்.
'தங்கள் விண்ணப்பம் நி. ரா. க. ரி'
நின்றாள்.

இந்தச் சொல் எனக்குத் தெரியும்.
பத்து எண்ணினேன்.
இருபதும் எண்ணினேன்.
எல்லாச் சொல்லும் அவளுக்குத் திறக்க வேண்டும்,
இது மட்டும் இன்றைக்குத் திறக்காமல் போகட்டும்
என்று எண்ணிக்கொண்டே எண்ணினேன்.

"உள்ள 'கரி' இருக்கு.
கடைசில 'பட்டது'. பேப்பர்ல வந்துச்சே, அதே மாதிரி."
கேட்காமலே கீழே போனாள்.
'ஆதார் எண் பொருந்தாத காரணத்தால்...'
'மீண்டும் விண்ணப்பிக்கவும்.'
மறுபடி மேலே வந்தாள்.

"தரமாட்டாங்களாப்பா?"

"சரியாக் கண்டுபுடிச்சுட்ட" என்றேன்.

கடிதத்தை மடித்தாள்,
நான் மடித்ததைவிட நேராக.
பிறகு பாடப் புத்தகத்தை இழுத்து
நாற்றங்காலுக்கு மேலே பென்சிலால்
சின்னதாய் ஒரு கால் வரைந்தாள்,
ஐந்து விரலும் வைத்து.