ஐஸ் கொம்பனிக் கொப்பி

என்ர கையை நம்பமாட்டாள் றெஜி.
எட்டு மணித்தியாலம் ஐஸ் கட்டி அடுக்கிய கை.
ஆரின் நெற்றியில் வைத்தாலும்
காய்ச்சல் எண்டுதான் சொல்லும்.

அவளின் கையும் சரியான சாட்சியில்லை.
புட்டுக் குழல் தட்டின சூட்டோடு வந்து
பிள்ளையின் கழுத்தைத் தொட்டுவிட்டு
"ஒண்டுமில்லை, குளிர்ந்துதான் கிடக்கு" எண்டாள்.

ரெண்டு கைக்கும் நடுவில்
நிலுக்சி.
நாலு வயது.
உதடு காய்ஞ்சு, கண் மட்டும் மினுங்கிக்கொண்டு.

கார்த்திகை மழை விட்டுக் கொஞ்ச நாள்.
குருநகரில் வாளி, சிரட்டை, உடைஞ்ச வள்ளம்
எல்லாத்திலும் தண்ணி.
மூண்டாம் ஒழுங்கையில் ரெண்டு பிள்ளையள்
பெரியாஸ்பத்திரியில்.

பாமசியில் எண்ணூறு ரூபா குடுத்து
ஒரு தெர்மோமீற்றர் வாங்கி வந்தேன்.
வேர்வையைத் துடைச்சு
கமக்கட்டுக்குள் வைச்சு
கையை நெஞ்சோடு அணைச்சுப் பிடிச்சேன்.
"அப்பா, ஐஸ்!" எண்டு நெளிஞ்சாள்.
அது கீச்சிட
நான் வாசிச்சேன்: முப்பத்தெட்டு தசம் ஒன்பது.
"முப்பத்தெட்டுத்தானே" எண்டு றெஜி மூச்சுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மெற்றில்டா
தன்ர பழைய கண்ணாடிக் குழாயை
உதறி உதறிக் கொண்டு வந்தா.
அது நூற்றிரண்டு எண்டது.
ஒரே காய்ச்சல்தான்,
ரெண்டு பாஷையில்.
அந்த இரவு நான் முதல் தரம்
கணக்குக்குப் பயந்தேன்.

எழுத வேறை தாள் இல்லை.
கொம்பனிக் கொப்பியின் கடைசிப் பக்கம்.
மேலே,
மரியநேசன் போட், பதினாறு கட்டி.
சந்தியாப்பிள்ளை, பத்து, கடன்.
கீழே,
ஏழு மணி 38.9, பனடோல் சிறப், நிறையைப் பார்த்து.
ஒன்பது 38.1.
ஒண்டரை 39.2, ஈரத்துணி, இளஞ்சூட்டுத் தண்ணி.
(ஐஸ் வைப்பமோ எண்டு நான் கேக்க
றெஜி பார்த்த பார்வையை எழுதேல்லை.)
ஆறு மணி, இளநீர் அரைக் கோப்பை.
சூடாய் நெஸ்டமோல்ட் குடிச்ச கையோடு
வாயில் வைச்சுப் பார்த்த ஒரு இலக்கத்தை
வெட்டிவிட்டேன்.

நாலாம் நாள் பின்னேரம்
36.7.
றெஜி சிலுவை போட்டாள்.
மெற்றில்டா ஒரு தட்டில் கொழுக்கட்டை குடுத்துவிட்டா.
எனக்கும் ரெண்டு கண்ணும் செருகிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த டொக்டர் பெடிச்சி,
பேரும் நினைவில்லை,
சீட்டை நீட்டேக்கை சொன்னவள்:
"காய்ச்சல் விடுற நாளிலை நித்திரை கொள்ளாதேங்கோ, ஐயா.
மூத்திரம் போறாளோ, வயிறு நோகுதோ,
கை கால் குளிருதோ எண்டு
தொட்டுப் பாருங்கோ."

தொட்டு.

எந்தப் பாமசியிலும் இதுக்கு மெசின் இல்லை.
என்ர கைக்கோ
உலகத்துக் கால் எல்லாம் சுடும்.
அவள் குளிர்ந்து போய்க் கிடந்தாலும்
இந்தக் கை எனக்குச் சொல்லாது.

றெஜி மூண்டு இரவுக்குப் பிறகு
சுவரோடு சாய்ஞ்ச மாதிரியே உறங்கிப்போனாள்.
எழுப்ப மனம் வரேல்லை.

சேட்டைக் கழற்றிவிட்டு
ரெண்டு கையையும்
என்ர கமக்கட்டுக்குள்ளையே வைச்சு
இறுக்கிக்கொண்டு இருந்தேன்.
கீச்சிட ஒண்டும் இல்லை.
கடலில் ஏதோ ஒரு எஞ்சின் தொடங்கி நிண்டது.
மணியைப் பார்த்தேன், பத்து நிமிஷம்.
இன்னும் பத்து.

பிறகு பாதத்தைப் பிடிச்சேன்.

உள்ளங்கை முழுக்க
அந்தச் சின்னச் சூடு.
விரல் ஒவ்வொண்டாய், குதி, கணுக்கால்.
அரை நித்திரையில் உதறினாள்:
"விடுங்கோ அப்பா, உங்கட கை சுடுது."

என்ர கை.

கொப்பியை எடுத்தேன்.
பாதம் எண்டு எழுதி
பக்கத்தில் என்ன இலக்கம் போடுறதெண்டு தெரியாமல்
வெறுமனே விட்டேன்.
விடிஞ்சால் இரத்தம் குத்திப் பார்க்க வேணும்.
சூசைதாசனின் ஓட்டோவுக்கு இப்பவே சொல்லிவைக்க வேணும்.
அஞ்சு மணிக்கு மூண்டு போட்டுக்கு ஐஸ் ஏத்தவேணும்,
அதுக்கு வேறை ஆரையும் பார்க்கட்டும் முதலாளி.