இரவு பதினொன்றரைக்கு ஒரு வினைச்சொல்

விடிவதற்குள் மின்தூக்கி வாசல்களில்
ஒட்டியாக வேண்டிய அறிவிப்பு.
ஆங்கிலத்தில் நாலே வரி.
சீனமும் மலாயும் வந்துவிட்டனவாம்,
தமிழுக்குத்தான் காத்திருக்கிறார்களாம்.
எப்போதும் தமிழுக்குத்தான்.

மூன்று வரி முடித்துவிட்டேன்.
நாலாவதில் உட்கார்ந்திருக்கிறது
ரீஇம்போஸ்.

'மீண்டும் விதிக்கப்படும்'
என்று அடித்தேன். சரிதான்.
ஆனால் விதிக்குத் தமிழில்
இன்னொரு வேலையும் உண்டே.
நாலாம் மாடி ஞானசுந்தரி
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து வந்து,
முகக்கவச மூச்சில் கண்ணாடி மங்க இதைப் படித்தால்
தலையெழுத்தை இரண்டாம் முறை எழுதுகிறார்கள்
என்று எடுத்துக்கொள்வாள்.
யோசித்தால்
அதிலும் பெரிய பிழை இல்லை.

'மறுபடி அமலுக்கு வரும்.'
இதில் யாரும் எதையும் செய்யவில்லை.
மழை வரும், 858 வரும் என்பதைப்போல
அதுபாட்டுக்கு வருகிறது.
அலுவலகத்துக்குப் பிடிக்கும்.

'மீட்டமைக்கப்படும்.'
அடகிலிருந்து வளையலை மீட்கலாம்,
ஆற்றிலிருந்து ஆளை மீட்கலாம்.
தடையை எதிலிருந்து மீட்பது?
இத்தனை நாள் அது
யாரிடம் சிக்கித் தவித்தது?

'புதுப்பிக்கப்படும்.'
கடப்பிதழா, நூலகப் புத்தகமா?

'திணிக்கப்படும்' வாய்க்கு உண்மையாக இருந்தது.
எழுதினால்
அடுத்த வேலை வராது.

'தளர்வுகள் திரும்பப் பெறப்படும்.'
கொடுத்ததைப் பிடுங்குவதை
இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.
கொடுத்த நாள் ஞாபகம் வந்தது.
ஈசூன் காப்பிக்கடையில் ஒரே மேசையில் ஐந்து பேர்,
நூர்ஜான் ஆர்டர் செய்த மீ கோரெங்கை
ஐந்து கரண்டிகள் கொத்தின.
யாரும் பேசவில்லை.
ஐந்து பேராக இருப்பதே போதுமாக இருந்தது.
நாளையிலிருந்து இருவர்.

தளர்வுக்கு எதிர் என்ன?
கட்டு. பிணை. தளை.
பள்ளியில் தளை என்றால்
சீரும் சீரும் கைகோக்கும் இடம்.
வெண்பாவில் தட்டினால் மதிப்பெண் போகும்.
அதே தளைதான் கால் விலங்கும்.
பாட்டுக் கட்டவும் ஆளைக் கட்டிப்போடவும்
ஒரே வினையை வைத்துக்கொண்டு
எப்படித் தூங்கினார்கள் இத்தனை காலம்?

கைப்பேசி மின்னியது. ஜெரால்டின்:
தமிழ் ரெடியா?

சன்னலோரம் போனேன்.
இரண்டு மாடிக்குக் கீழே வெற்றுத்தளத்தில்
ஒளிரும் சட்டை போட்ட இருவர்
கல் மேசைகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடாவைச்
சர்ரென்று இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
சதுரங்கக் கட்டங்களின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி.
ஒருவன் காதில் கைப்பேசி, குரல் அறந்தாங்கிக்கு:
'என்ன வேலைன்னா கேக்குற?
போன மாசம் பிச்செடுத்தோம்ல,
அதை ஒட்டுற வேலை.'

சொல் இன்னும் போய்ச் சேரவில்லை.
வினை முடிந்துகொண்டிருந்தது.

'அதை ஒட்டுற வேலை'யை
அறிவிப்பில் போட முடியாது.
முதலில் அடித்ததையே அனுப்பினேன்.
நன்றி, ஒரு கைகூப்பு, ஒரு தூங்கும் முகம்.

காலையில் இறங்கிப் பார்த்தால்
எந்தக் கணினி என்ன செய்ததோ
தமிழ் வரி நான்காக உடைந்திருந்தது:

மீண் டும்
விதி
க்கப்
படும்

ஞானசுந்தரி அதன்முன் நின்றிருந்தாள்,
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி.
துடைத்து, மாட்டி, படித்தாள்.
மின்தூக்கிப் பொத்தானை முழங்கையால் அழுத்தினாள்.

'திரும்பவுமா' என்றாள்.

இரவு முழுக்க
அது எனக்குத் தோன்றவே இல்லை.